கல்லடிப் பாலத்தில் நாலு தரம் நின்ற அப்பா: முள்ளந்தண்டுக் கால்வாய் ஒடுக்கம், உங்கள் வீட்டுக் கதையையும் எழுதுங்கள்

அப்பாவுக்கு வயது 71. தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், முப்பது வருஷத்துக்கு மேல் சைக்கிளில் கடிதம் கொண்டு திரிந்த ஆள், அதனால் அவருடைய காலைப் பற்றி வீட்டில் யாருக்கும் கவலை வந்ததே இல்லை. போன வருஷம் தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒரு பின்னேரம் அவரோடு பழைய கல்லடிப் பாலத்தால் நடந்தேன். 1924 இல் கட்டிய பாலம். பெரிய வாகனமெல்லாம் 2013 இல் திறந்த புதுப் பாலத்தால் போவதால் காற்று வாங்க நல்ல இடம். பாதிப் பாலம் போகமுன் அப்பா நாலு தரம் நின்றுவிட்டார். ஒவ்வொரு தரமும் கம்பியில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக் குனிந்து, மீன் பாடும் என்று சொல்கிற மட்டக்களப்பு வாவியைப் பார்த்தார். "என்னப்பா, மீன் பாடுதா?" என்று நான் பகிடி வேறு விட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நாலாம் தரம்தான் வாய் திறந்தார். "நிமிர்ந்து நிண்டா ரெண்டு காலிலயும் நனைஞ்ச சாக்கைக் கட்டின மாதிரிக் கனக்குது மனே, குதி வரைக்கும் விறைக்குது. இப்பிடிக் குனிஞ்சா ரெண்டு நிமிசத்தில விட்டிரும்."

அவருக்குப் பதினைந்து வருஷமாகச் சீனி வருத்தம். அதனால் போன இடமெல்லாம் சீனியால் வந்த நரம்புக் கோளாறு என்று விற்றமின் குளிசை எழுதித் தந்தார்கள். ஒரு இடத்தில் வயசு போனால் அப்படித்தான் என்றார்கள். பரிகாரியிடம் எண்ணெய் பூசியதும் நடந்தது, அது தோலுக்கு இதம், அவ்வளவுதான். இப்படியே ஏழு மாதம் போனது. பிழை எங்களிலும் இருக்கிறது. "கால் விறைக்குது" என்று மட்டும்தான் போன இடமெல்லாம் சொன்னோம், குனிந்தால் விட்டுவிடுகிறது என்ற மற்றப் பாதியைச் சொல்லவே இல்லை.

கடைசியில் பார்த்த எலும்பு டொக்டர் கேட்ட முதல் கேள்வியே "ஐயா, சைக்கிள் ஓட ஏலுமா?" என்பதுதான். "வந்தாறுமூலை வரைக்கும் ஓடுவன் டொக்டர், நடக்கத்தான் ஏலாது" என்றார் அப்பா. டொக்டர் சிரித்துவிட்டு இரண்டு பாதத்திலும் விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு விளக்கினார்: காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்தாலும் நடக்க நடக்கக் கால் நோகும், ஆனால் சும்மா நின்றாலே குறையும், சைக்கிள் மிதித்தாலும் நோகும். முள்ளந்தண்டால் வருவது அப்படியில்லை, நிற்பதால் குறையாது, குனியவோ குந்தவோ வேண்டும். சீனியால் வரும் விறைப்பு பாதத்தில் சொக்ஸ் போட்ட மாதிரி இருக்கும், இரவில் எரியும், நீங்கள் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

அப்பாவுக்கு வந்தது முள்ளந்தண்டுக் கால்வாய் ஒடுக்கம், அதாவது முதுகெலும்புக்குள் நரம்பு போகிற வழி ஒடுங்கியிருக்கிறது. உள்ளே நடப்பது இதுதான். மூளையில் இருந்து இறங்குகிற பெரிய நரம்புத் தண்டான முண்ணாண் இடுப்பின் முதலாம் இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்தோடு முடிந்துவிடும், அதற்குக் கீழே குதிரை வால் மாதிரி நரம்புக் கற்றைதான் கால்வாய்க்குள் இறங்கிப் போகிறது. வயது போகப்போக முன்பக்கத்தால் டிஸ்க் பிதுங்கும், பக்கவாட்டு மூட்டுகள் தடிக்கும், பின்பக்கத்துச் சவ்வு தடித்து உள்ளே மடியும். நாலு சுவரும் உள்ளே நகர்ந்த அறை மாதிரி. நிமிரும்போது அந்தச் சவ்வு இன்னும் மடிந்து நரம்பை நசிக்கும், குனிந்தால் அது இழுபட்டுக் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஹாண்டிலில் சாய்ந்து ஓடுகிற சைக்கிளில் நோவு இல்லாததும் இதனால்தான். அப்பாவுக்கு ஒடுக்கம் இடுப்பின் நாலாம் ஐந்தாம் எலும்புக்கு இடையில், அதிகம் பேருக்கு வருகிற இடமே அதுதானாம். எம்ஆர்ஐயில் கால்வாயின் முன்பின் அகலம் 8 மில்லிமீட்டர். பொதுவாக 15க்கு மேல் இருக்கும், 10க்குக் கீழே போனால் நல்ல ஒடுக்கம் என்று கணக்கு. ஆனால் அந்த இலக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றார், ஸ்கேனில் ஒடுங்கி இருந்தும் ஒரு நோவும் இல்லாமல் திரிகிற வயதானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களாம்.

ஒப்பரேஷன் செய்யவில்லை. காலில் பலம் குறையாதவரை அவசரம் இல்லை, இது எல்லோருக்கும் கூடிக்கொண்டே போகிற வருத்தமும் இல்லை, கன பேருக்கு ஒரே அளவில் நிற்கும் என்றார். பிசியோவில் பழக்கியபடி காலையில் பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கிறார், வயிற்றுத் தசைக்குப் பயிற்சி செய்கிறார், பிறகு சைக்கிள். நோவுக் குளிசையைத் தன்பாட்டில் பாமசியில் வாங்கிப் போடுவதை நிறுத்தினோம், சீனியும் பிரஷரும் உள்ளவருக்கு அது சிறுநீரகத்தில் கை வைக்கும்.

உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?

மறுமொழி, அக்கரைப்பற்று

உங்கள் அப்பாவின் பாலத்துக் கம்பியை வாசித்ததும் எனக்கு உம்மாதான் ஞாபகம் வந்தா. தொழுகையில் நிலையில் நிற்கத்தான் ஏலாது, ருகூவுக்குக் குனிந்ததும் கால் உளைவு இறங்கிவிடும் என்று உம்மா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தா. கதிரையில் இருந்து தொழுங்க உம்மா என்று சொன்னோமே தவிர, ருகூவில் மட்டும் ஏன் இறங்குகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கடைசியில் குசினியில் இருந்து கிணற்றடிக்குப் போகவே இடையில் ஒருக்கால் குந்த வேண்டி வந்தது, வலது பாதமும் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டது, செருப்புக் கழன்றால்கூடத் தெரியாது. அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, கொழும்புக்கு இரவு பஸ் ஏறினோம்.

ஊரில் எல்லோரும் முதுகில் கத்தி வைத்தால் படுக்கைதான் என்று பயமுறுத்தினார்கள். செய்தது பின்பக்கத்து எலும்பில் ஒரு பகுதியையும் தடித்த சவ்வையும் எடுத்து நரம்புக்கு இடம் விடுவதுதான். அடுத்த நாளே பிடித்து நடக்க வைத்தார்கள். தகடும் ஆணியும் போடாவிட்டால் பயனில்லை என்று கட்டாரில் இருக்கும் மச்சான் வீடியோ மேல் வீடியோ அனுப்பினார். எலும்பு நழுவி ஆடினால்தான் அது தேவை, உங்க உம்மாவுக்கு அப்படி இல்லை என்று டொக்டர் மறுத்துவிட்டார். 2016 இல் வெளிவந்த சுவீடன் ஆய்விலும் எலும்பைப் பொருத்தியவர்களுக்குக் கூடுதல் நன்மை தெரியவில்லையாம். இப்போது உம்மா கடைக்கு நடந்து போகிறா. கால் நோவு போய்விட்டது, நாரி நோவு பாதி இருக்கிறது, பெருவிரல் விறைப்பு அப்படியே. இது மூன்றையும் ஒப்பரேஷனுக்கு முதலே அந்த டொக்டர் சொல்லிவிட்டார், அதனால் ஏமாற்றம் இல்லை.

மறுமொழி, களுவாஞ்சிக்குடி

எனக்கு நாரியில் ஸ்டீரொயிட் ஊசி போட்டார்கள். ஐந்து கிழமை சொர்க்கம், வயலுக்குக்கூடப் போய் வந்தேன், ஆறாம் கிழமை பழையபடி. சீனி உள்ளவர்கள் கவனம், ஊசிக்குப் பிறகு நாலைந்து நாள் எனக்குச் சீனி 300க்குக் கீழே இறங்கவில்லை, ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. அமெரிக்காவில் 400 பேரை வைத்துச் செய்து 2014 இல் வெளியிட்ட ஆய்வில், நோவு தெரியாமல் மரக்க வைக்கிற விறைப்பு மருந்தோடு ஸ்டீரொயிட் சேர்த்தவர்களுக்கும் விறைப்பு மருந்து மட்டும் போட்டவர்களுக்கும் ஆறாம் கிழமையில் பெரிய வித்தியாசம் இல்லையாம், மகள் தேடி வாசித்துச் சொன்னாள். இரண்டாவது ஊசிக்கு நான் போகவில்லை.

மறுமொழி, ஆரையம்பதி (ஓய்வு பெற்ற தாதி)

பிள்ளைகள், ஒன்றை விட்டுவிட்டீர்கள். படுவான்கரையில் இருந்து வேளாண்மை செய்கிற ஒருவர் எங்கள் வார்ட்டுக்கு வந்தார். இரண்டு காலும் பலமில்லை என்றுதான் சொன்னார். சிறுநீர் போகிறதா என்று நான் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டார். மூன்று நாளாகச் சொட்டுச் சொட்டாகத்தான் போயிருக்கிறது, சைக்கிள் சீற்றில் படுகிற இடமெல்லாம் விறைத்துப் போய்ப் போர்த்திய துணி படுவதுகூடத் தெரியவில்லை. இதைப் பொம்பிளைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு அடக்கி வைத்திருக்கிறார். உடனே அனுப்பி ஒப்பரேஷன் செய்தார்கள், கால் தேறியது, சிறுநீர் முழுதாகச் சரிவரவில்லை. சிறுநீர் மலம் கட்டுப்பாடு மாறினாலோ அந்த இடம் விறைத்தாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்காதீர்கள், அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மறுமொழி, காரைதீவு

எனக்கு இந்த ஒடுக்கம் கழுத்தில். நோவு பெரிதாக இல்லை. சேர்ட் பொத்தான் பூட்ட முடியவில்லை, கரும்பலகையில் என் எழுத்தை என் மாணவர்களே கிண்டல் செய்தார்கள், இருட்டில் நடந்தால் தள்ளாடும். கழுத்தில் நசிவது முண்ணாணே என்பதால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது என்று சத்திரசிகிச்சை செய்தார்கள். அதற்கு முதல் ஒருவரிடம் கழுத்தைத் திருகி நெட்டி முறித்துக்கொண்டேன் என்று சொன்னதும் டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை மறக்காது.

மீண்டும் கல்லடியில் இருந்து

எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தாதி அக்கா எழுதியதைக் கேட்டதும் "எனக்கு அதொண்டும் இல்ல" என்று நான் கேட்கமுதலே அவசரமாகச் சொன்னார். அக்கரைப்பற்று உம்மாவின் ருகூவை மட்டும் இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். "அவவுக்கும் எனக்கும் ஒரே கதைதான் மனே, எனக்குக் கம்பி வேண்டிக் கிடக்கு" என்றார். நேற்றுப் பாலத்தை இரண்டே தரம் நின்று கடந்தார், திரும்பி வரும்போது மூன்று.