காற்றே இல்லாத நாளில் கடல் ஏன் ஊருக்குள் வருகிறது?

கேள்வி: முட்டத்துக்காரன்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், முட்டத்தை ஒட்டிய ஒரு மீனவ ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு ஒரு ஃபைபர் வள்ளம் உண்டு. சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள் மாலை, தென்னோலை அசையாத அளவுக்குக் காற்று அடங்கிக் கிடந்தது. கைப்பேசிச் செயலி ஒன்றில் அலை உயரம் 1.4 மீட்டர், காற்று மணிக்கு 10 கிலோமீட்டர் என்றுதான் காட்டியது. அதை நம்பி வள்ளத்தை வழக்கமான இடத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். நள்ளிரவுக்குச் சற்று முன் தண்ணீர் தெருமுனை வரை ஏறி வந்து, வள்ளத்தைப் புரட்டி, கரையரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவின் கல்லில் மோதவிட்டது. அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பகுதியில், இரண்டு முழ நீளத்துக்கு விரிசல். அதே 1.4 மீட்டர் அலையில் ஆடி மாதத்தில்கூட எத்தனையோ நாள் தொழிலுக்குப் போய் வந்திருக்கிறோம். எண் ஒன்றாக இருக்கும்போது கடல் மட்டும் எப்படி இவ்வளவு வேறுபடுகிறது? முன்னறிவிப்பை நாங்கள் தவறாகப் படிக்கிறோமா?

பதில்: பழைய மாலுமி

தம்பி, நீங்கள் உயரத்தைப் பார்த்தீர்கள். அதற்கு அடுத்த கட்டத்தில் நொடியில் ஓர் எண் இருந்திருக்கும், அதைப் பார்க்கவில்லை. ஒரு முகடு கடந்த பின் அடுத்த முகடு வருவதற்கு எடுக்கும் நேரம் அது. அலைக்காலம் என்று வைத்துக்கொள்வோம். அருகில் வீசும் காற்று எழுப்பும் அலைக்கு அது 5 முதல் 8 நொடி. எங்கோ வீசிய புயல்காற்றில் பிறந்து, அந்தக் காற்றை விட்டு விலகி, தானாகவே பயணம் செய்து வரும் அலையைக் கப்பலில் ஸ்வெல் என்போம்; அதற்கு 15 முதல் 20 நொடிக்கு மேலும் போகும். உங்கள் ஊருக்கு வந்தது இரண்டாவது வகை என்றே தோன்றுகிறது. கேரளத்தில் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். திருடன் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர்.

இது பிறக்கும் இடம் நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே, தென் அகலாங்கு 40 பாகைக்கும் அப்பால். அங்கே காற்றைத் தடுக்க நிலம் மிகக் குறைவு. தாழ்வழுத்தங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக்கொண்டே இருக்கும். ஆழ்கடலில் 18 நொடி அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர், அதாவது நாளொன்றுக்கு 1,200 கிலோமீட்டர் நகரும். 6,000 கிலோமீட்டருக்கு ஐந்து நாள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2024 மார்ச் 31 அன்று கேரளக் கரையில் பல ஊர்களுக்குள் கடல் புகுந்ததே, அதற்குக் காரணமான தாழ்வழுத்தம் தென் அட்லாண்டிக்கிலிருந்து நகர்ந்து மார்ச் 25 வாக்கில் தெற்கு இந்தியப் பெருங்கடலை அடைந்தது என்று ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் விளக்கியிருந்தது. ஆகவே உங்கள் ஊரில் காற்று இல்லை என்பது உண்மைதான், ஆனால் அந்த அலைக்கும் உங்கள் ஊர்க் காற்றுக்கும் எந்த உறவும் கிடையாது.

பதில்: உப்புக்காற்று

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பகுதியில் தூண்டில் வளைவுகள் கட்டிய பிறகுதான் இந்தத் தொல்லை கூடியது. அதோடு, தண்ணீர் ஏறுவதற்கு முன் கடல் சில நிமிடம் உள்வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன். 2004ஐக் கண்டவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா நிற்க முடியுமா? இதைச் சிறு சுனாமி என்று சொன்னால் என்ன தவறு?

பதில்: பழைய மாலுமி

கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும், அதில் விவாதமே இல்லை. கரையில் நின்றுகொண்டு எது சுனாமி, எது ஸ்வெல் என்று யாரும் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. காரணம் மட்டும் வேறு. சுனாமி பெரும்பாலும் கடலடி நிலநடுக்கத்தில் பிறப்பது. அதன் ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். ஸ்வெல்லோ கூட்டம் கூட்டமாக வரும். ஐந்தாறு பெரிய அலைகள், பிறகு ஓர் அமைதி, மீண்டும் ஒரு கூட்டம். பெரிய கூட்டம் உடையும்போது கரையோர நீர்மட்டம் முழுவதுமே சற்று உயர்ந்து, அடுத்த ஓரிரு நிமிடத்தில் வடியும். நீங்கள் கண்ட உள்வாங்கல் அதுவாகத்தான் இருக்கும். தூண்டில் வளைவு மணலை ஒரு பக்கம் சேர்த்து மறுபக்கம் அரிப்பது வேறு வழக்கு. மணல் போன கரையில் அலை கூடுதலாக ஏறும் என்ற அளவில் உங்கள் குறை நியாயமானது.

பதில்: கரைமடி

முட்டத்துக்காரரே, நானும் வள்ளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைதான், பெருங்கடலியல் படித்தேன். உங்கள் கேள்வியின் மையம் இன்னும் தொடப்படவில்லை என்று நினைக்கிறேன். 1.4 மீட்டரும் 1.4 மீட்டரும் ஏன் சமமில்லை?

6 நொடி அலையின் நீளம் ஏறத்தாழ 56 மீட்டர். 18 நொடி அலையின் நீளம் 500 மீட்டருக்குச் சற்று மேல். அரைக் கிலோமீட்டர் நீளத்தில் ஒன்றரை மீட்டர் ஏற்றம் என்றால் ஆழக்கடலில் வள்ளத்தில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. இரவு வலை விரித்தவர்கள் கடல் குளம் போலக் கிடந்தது என்று சொல்வதும், அதே இரவில் ஊரில் தண்ணீர் புகுவதும் இதனால்தான். ஓர் அலை தன் நீளத்தில் பாதியளவு ஆழத்துக்கு வந்ததும் அடித்தரையை உணரத் தொடங்கும். 6 நொடி அலைக்கு அது 28 மீட்டர், 18 நொடி அலைக்கு 250 மீட்டர். குமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் முழுவதுமே அதைவிட ஆழம் குறைந்த மேடு என்பதால், நீண்ட அலை அங்கேயே வேகம் குறைந்து, திசை வளைந்து, ஓரிடத்தில் குவிந்தும் இன்னோரிடத்தில் சிதறியும் வந்து சேரும். ஓர் ஊரில் தெருவுக்குள் தண்ணீர் வந்த இரவில் பக்கத்து ஊரில் மணல் மட்டும் நனைந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கரைக்கு வந்த பிறகு அலை மணலில் எவ்வளவு தூரம் ஏறும் என்பது, உயரம் மாறாதபோது, பெரும்பாலும் அலைக்காலத்தைப் பொறுத்தது. ஆறு நொடிக்குப் பதில் பதினெட்டு நொடி என்றால் ஏற்றம் ஏறத்தாழ மூன்று மடங்கு. இதோடு வேலியேற்றமும், அதாவது கடல்மட்டம் உயரும் நேரமும், சேர வேண்டும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆயினும் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் அந்தச் சிறு உயரம் போதும்.

இன்னொன்று, முன்னறிவிப்பில் வரும் அலை உயரம் என்பது எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி மட்டுமே. தனி அலை ஒன்று அதன் இரு மடங்கை எட்டலாம். கச்சான் என்னும் மேற்குக் காற்று பலமாக வீசும் ஆனி, ஆடியில் இந்த எண் 2.5, 3 மீட்டர் என்று வரும்போது, அது கடலுக்குள் போகிறவருக்கான எச்சரிக்கை. பங்குனி, சித்திரையில் வரும் சிறிய உயரமும் நீண்ட நொடியும் கரையில் இருப்பவருக்கான எச்சரிக்கை. இரண்டையும் ஒரே சிவப்பு நிறத்தில் காட்டும் செயலிகளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அவை எந்த நிறமும் காட்டாமல் விட்டால் இன்னும் கோபம் வரும்.

முட்டத்துக்காரன்

இருவருக்கும் நன்றி. அந்த நாளின் பதிவைத் தேடிப் பார்த்தேன். நொடிக்கான கட்டத்தில் 19 என்று இருந்திருக்கிறது. பௌர்ணமிக்கு மறுநாள், வேலியேற்றம் இரவு பதினொன்றரையை ஒட்டி. எல்லாம் எங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னபோது, இந்த எண் எத்தனை நாளைக்கு நீடிக்கும் என்று கேட்டார். வள்ளத்தை மறுபடி எப்போது இறக்கலாம்?

பதில்: கரைமடி

நீண்ட அலைகளே வேகமாக ஓடுபவை. எனவே முதலில் 20 நொடி, பிறகு 18, 16, 14 என்று எண் நாள்தோறும் இறங்கும். உயரத்தின் உச்சம் பெரும்பாலும் முதல் நாளில் வராது, அடுத்த நாளில் வரும். அதற்குள் பயம் போய்விட்டது என்று வள்ளத்தை இறக்கிவிட வேண்டாம். 14க்குக் கீழே வந்து, உயரமும் குறையத் தொடங்கியபின், வேலிவற்ற நேரம் பார்த்து இறக்குங்கள். எண் ஏறும் நாளிலோ, எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, வள்ளத்தை மண்மேட்டுக்கு மேலே இழுத்து, தூண்டில் வளைவின் கல்லிலிருந்து தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.