மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தின் வளர்ச்சியை நம்பி மகனை அந்தத் தொழிலுக்கு அனுப்பலாமா?

தோட்டத்துக் கிராணி, பந்திங்:

அனைவருக்கும் வணக்கம். நான் பந்திங் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் அலுவலகத்தில் 22 ஆண்டுகளாகக் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். என் தாத்தா இதே மண்ணில் பால்மரம் சீவியவர். அப்பாவின் காலத்தில் அந்த மரங்களை அழித்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். என் மகன் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டான், கணிதத்தில் கெட்டிக்காரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்ட வேண்டும் என்பது அவன் ஆசை.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் லங்காட் ஆற்றின் முகத்துவாரப் பக்கம் தூண்டில் போடப் போவோம். அங்கிருந்து பார்த்தால் பூலாவ் இண்டா தீவில் உள்ள துறைமுகத்தின் கிரேன்கள் வரிசையாகத் தெரியும். பொழுது சாய்ந்ததும் அவற்றின் உச்சியில் சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். ஏழு வயதிலிருந்து அவற்றை எண்ணிக்கொண்டு வளர்ந்த பிள்ளை அவன். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று சொல்லுவான்.

2024இல் கிள்ளான் துறைமுகம் 1 கோடியே 46 இலட்சம் கொள்கலன்களை (சரக்குப் பெட்டிகளை) கையாண்டது என்று நாளிதழில் படித்தேன். அதே வேளையில், என் மைத்துனர், இன்னும் பத்தாண்டுகளில் அங்கே மனிதர்களுக்கு வேலையே இருக்காது, எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்கிறார். பால்மரத்தை அழித்தபோது லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர்களிடம் முன்கூட்டியே யாரும் எதையும் சொல்லவில்லை. அதை நேரில் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன். இந்த வளர்ச்சி எதனால் வந்தது? அது நிலைக்குமா? நிலைக்கும் என்றால், எந்த வேலையை நம்பிப் பிள்ளையைப் படிக்க வைக்கலாம்? கேரித் தீவில் மூன்றாவது துறைமுகம் வரும் என்ற பேச்சும் பல ஆண்டுகளாக எங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி, போர்ட் கிள்ளான்:

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். நான் 1969இல் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த இடத்தின் பெயர் போர்ட் சுவெட்டன்ஹம். 1972இல்தான் பெயரை மாற்றினார்கள். அந்தக் காலத்தில் உங்கள் தாத்தா சீவிய பால் புகைபோட்ட ஷீட்டாகி, 250 இராத்தல் எடையுள்ள பேல்களாக (பொதிகளாக) எங்களிடம் வந்து சேரும். பேல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அவற்றின் மேல் ஒரு வெள்ளைப் பூச்சுப் பூசியிருப்பார்கள். கப்பலின் அடித்தட்டில் அந்தப் பேல்களைக் கொக்கி போட்டுப் புரட்டி அடுக்கும்போது, பூச்சு உதிர்ந்து வேர்வையோடு கலந்து, மாலையில் மேலே ஏறி வரும் எங்கள் கைகால்கள் சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருக்கும். மழை வந்தால் தட்டை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு கப்பலை ஏற்றி இறக்க ஒரு வாரம் ஆவது எங்களுக்குச் சாதாரணம். பேல் சரிந்து கால் நசுங்கிய நண்பர் ஒருவரை நானே தோளில் தாங்கிக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அவர் பிறகு வேலைக்குத் திரும்பவில்லை.

இந்த முறையை மாற்றியவர் அமெரிக்காவில் லாரி நிறுவனம் நடத்திய மால்கம் மெக்லீன். 1956 ஏப்ரல் 26 அன்று, பழைய எண்ணெய்க் கப்பல் ஒன்றின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கையால் ஏற்றினால் டன்னுக்கு 6 டாலருக்குச் சற்றுக் குறைவாக ஆகும் என்று கணக்கிட்டிருந்த செலவு, அந்தப் பயணத்தில் 16 காசுக்கும் கீழே இறங்கியது. பெட்டி மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. ஒவ்வொரு பெட்டியின் எட்டு மூலைகளிலும் முட்டை வடிவத்தில் ஒரு துளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனுள் நுழையும் பூட்டைக் கால் வட்டம் திருப்பினால், கீழே உள்ள பெட்டியும் மேலே உள்ள பெட்டியும் ஒன்றாகிவிடும். அந்தப் பூட்டுக்கான காப்புரிமையை மெக்லீனின் நிறுவனம் 1963இல் விட்டுக்கொடுத்தது. உலகம் முழுவதும் ஒரே அளவு, ஒரே துளை, ஒரே பூட்டு என்று ஆனதற்கு அது வழி செய்தது. அதன் பிறகே சென்னையில் பூட்டிய பெட்டியைக் கிள்ளானில் எந்த லாரியிலும் ஏற்றலாம் என்ற நிலை வந்தது.

கிள்ளானில் 1973இல் கொள்கலன் தளம் வேலையைத் தொடங்கியது. ஒரு பெட்டியில் ஏறத்தாழ 20 டன் ரப்பர் போய்விடும். கிரேன் அதைத் தூக்கி வைக்க இரண்டு நிமிடம் போதும். சேர்ந்து சுமை தூக்கிய எங்கள் தொழிலாளர் கும்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. சிலருக்கு வேறு வேலை கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும், கப்பல் கூலி இப்படிக் குறைந்ததால்தான் ஒரு நாட்டில் துணி நெய்து, இன்னொரு நாட்டில் சட்டை தைத்து, மூன்றாவது நாட்டில் விற்பது கட்டுபடியானது. பண்டம் அதிகமானதால் பெட்டி பெருகியது என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டி வந்து செலவு குறைந்ததால் பண்டம் பெருகியது என்பதே நான் கண்ட உண்மை. 2000இல் உலகத் துறைமுகங்கள் எல்லாம் சேர்ந்து கையாண்டவை, 20 அடிப் பெட்டிக் கணக்கில், ஏறத்தாழ 22 கோடி. இருபது ஆண்டுகளுக்குள் அது 80 கோடியைத் தாண்டிவிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பூலாவ் இண்டா முன்பு பூலாவ் லூமுட் என்ற பெயரில் அலையாத்திக் காடும் சேறுமாகக் கிடந்த தீவு. அங்கே 1996இல் செயல்படத் தொடங்கிய வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுக நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர், 2023இல் காலமான டான் ஸ்ரீ ஞானலிங்கம், ஒரு தமிழர். உங்கள் மகன் எண்ணிய அந்தக் கிரேன்கள் அங்கே நிற்பவைதாம்.

பார்வர்டிங் ஊழியர், கிள்ளான்:

அண்ணா, தொழிற்சாலைகளின் சரக்குக்குச் சுங்கப் படிவமும் கப்பலில் இடமும் ஏற்பாடு செய்து கொடுப்பது எங்கள் வேலை. பெரியவர் சொன்னதற்கு மேல் வரலாறு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் படித்த அந்த 1 கோடியே 46 இலட்சத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். பிள்ளையின் எதிர்காலம் அந்தப் பிரிப்பில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில், அந்த எண் பெட்டிகளின் எண்ணிக்கை அன்று. 20 அடிப் பெட்டியை ஓர் அலகாக வைத்துப் போடும் டி.இ.யூ. கணக்கு அது. வங்காளதேசத்தின் சிட்டகாங்கிலிருந்து சட்டைகள் அடைத்த 40 அடிப் பெட்டி ஒன்று சிறிய கப்பலில் கிள்ளானுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கும்போது அதை இரண்டு என்று எழுதுவார்கள். நான்கு நாள் கழித்து ஐரோப்பா செல்லும் பெரிய கப்பலில் ஏற்றும்போது மீண்டும் இரண்டு என்று எழுதுவார்கள். அந்தப் பெட்டியின் கதவை இங்கே ஒருவரும் திறக்கவில்லை; கணக்கில் நான்கு ஏறிவிட்டது. கிள்ளானின் எண்ணிக்கையில் சரிபாதிக்கும் மேல் இப்படிக் கப்பல் மாறிச் செல்லும் சரக்குதான். ஜோகூரின் தஞ்சோங் பெலெப்பாஸில் கிட்டத்தட்ட முழுவதுமே அவ்வாறுதான்.

இந்தச் சரக்கு நிலையானது அன்று. இன்று 24,000 டி.இ.யூ. சுமக்கும் 400 மீட்டர் நீளக் கப்பல்கள் ஓடுகின்றன. அவற்றால் எல்லாத் துறைமுகத்திலும் நுழைய முடியாது என்பதால், கப்பல் நிறுவனங்கள் இரண்டு மூன்றாகக் கூட்டுச் சேர்ந்து, மலாக்கா நீரிணையில் ஏதாவது ஓர் இடத்தை மையமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. கூட்டு மாறினால் மையமும் மாறும். 2000இல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் சிங்கப்பூரை விட்டுத் தஞ்சோங் பெலெப்பாஸுக்குப் போனது. சிங்கப்பூரின் அந்த ஆண்டுக் கணக்கு 1 கோடியே 70 இலட்சம். உலக வணிகமும் சுணங்கிய மறு ஆண்டில் அது 1 கோடியே 55 இலட்சமாக இறங்கியது. நமக்கும் அதே அடி விழுந்திருக்கிறது. 2017இல் கூட்டணிகள் மாறியபோது, முந்திய ஆண்டு 1 கோடியே 31 இலட்சத்தைத் தாண்டியிருந்த கிள்ளான் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் கீழே வந்தது. நம் ஊர்த் தொழிற்சாலை ஒன்றுகூட அந்த ஆண்டில் அதற்காக மூடப்படவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் அட்டவணையை மாற்றி எழுதினார்கள், அவ்வளவுதான்.

எஞ்சிய பகுதி நம் நாட்டுக்குள் வரும் சரக்கும் நம் நாட்டிலிருந்து போகும் சரக்கும். இதில் ஒவ்வொரு பெட்டிக்கும் கதவு திறக்கப்படுகிறது. இறக்குமதிக்குக் கே1, ஏற்றுமதிக்குக் கே2 என்று சுங்கத்துக்குப் படிவம் போட வேண்டும், லாரி பிடிக்க வேண்டும், கிடங்கில் இறக்க வேண்டும், காலிப் பெட்டியை டிப்போவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். மனிதர்களுக்கு வேலை கிடைப்பது இந்தப் பெட்டிகளால்தான். அந்த வேலையும் பெரும்பாலும் துறைமுக வேலிக்கு வெளியேதான் இருக்கிறது.

2021ஐ மறக்க முடியாது. காப்பார் சாலையில் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு நாங்கள் வேலை செய்தோம். உலகமே கையுறை கேட்டது, ஆனால் காலிப் பெட்டிகள் அமெரிக்கத் துறைமுகங்களில் சிக்கிக் கிடந்தன. ஒரே சரக்குக்கு மூன்று முறை கப்பலில் இடம் உறுதி செய்தார்கள். மூன்று முறையும் அடுத்த கப்பலுக்குத் தள்ளினார்கள். அட்டைப் பெட்டிகளைக் கிடங்கில் வைக்க இடமில்லாமல் உணவுக்கூடத்தில் அடுக்கியதையும், தொழிலாளர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதையும் நான் கண்ணால் பார்த்தேன். அந்த நாள்களில் எந்தக் கப்பலில் எத்தனை இடம் இருக்கிறது, எந்த டிப்போவில் பெட்டி இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு இருந்த மதிப்பு வேறு எவருக்கும் இருக்கவில்லை.

ஆகவே, கணக்கு வரும் பிள்ளை என்கிறீர்களே, அவனைத் தளவாட (லாஜிஸ்டிக்ஸ்) நிர்வாகப் படிப்பிலும் சுங்க நடைமுறையிலும் பழக்குங்கள் என்பது என் கருத்து. டிரெய்லர் லாரி ஓட்டும் வேலைக்கும் ஆள் பற்றாக்குறை இருக்கிறது. ஆனால் அதற்குரிய ‘இ’ உரிமத்துக்கு 21 வயது ஆக வேண்டும், அதோடு சரக்கு வாகனம் ஓட்டுவதற்கான ஜி.டி.எல். உரிமமும் எடுக்க வேண்டும்.

கிரேன் இயக்குபவர், ஜோகூர்:

ஐயா, நான் எட்டு ஆண்டுகளாகக் கரைக் கிரேன் ஓட்டும் பெண். தங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ரோட்டர்டாமில் 1993ஆம் ஆண்டிலேயே ஓட்டுநர் இல்லாத வண்டிகள் பெட்டிகளைச் சுமக்கத் தொடங்கிவிட்டன. எங்களுக்கு எதிர்க்கரையில், சிங்கப்பூரின் துவாஸில் கட்டப்படும் துறைமுகம் முழுமை பெறும்போது ஆண்டுக்கு 6 கோடியே 50 இலட்சம் டி.இ.யூ. கையாளும், அங்கும் தளத்து வண்டிகளில் ஓட்டுநர் இல்லை. முதலில் போவது தளத்துக்குள் வண்டி ஓட்டும் வேலை, அடுத்தது பெட்டிகளை அடுக்கி வைக்கும் களத்தின் கிரேன். கப்பலிலிருந்து தூக்கும் கரைக் கிரேன் எளிதில் போகாது என்று நினைக்கிறேன். நாற்பது மீட்டர் உயரத்தில், காலடியில் கண்ணாடி பதித்த அறையில் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது, கீழே கப்பல் அலையில் ஏறி இறங்கும், பெட்டியைப் பிடிக்கும் தூக்கிச் சட்டமும் காற்றில் ஆடும். இரண்டு ஆட்டமும் ஒன்றுகூடும் அந்த ஒரு நொடியில் சட்டத்தின் நான்கு மூலைகளும் பெட்டியின் துளைகளில் உட்கார வேண்டும். ஆனால் அந்த அறையையும் கரையில் உள்ள அலுவலகத்துக்கு மாற்றி, திரையைப் பார்த்து இயக்கும் முறை பல நாடுகளில் வந்துவிட்டது. கழுத்துவலியும் முதுகுவலியும் இந்த வேலையோடு சேர்ந்தே வருபவை என்பதையும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

ஆசையை அடியோடு தடுக்க வேண்டாம் ஐயா. கிரேனை ஓட்டுவதைவிடப் பழுது பார்க்கப் படிக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் இல்லாத கிரேனுக்கும் மின்சாரமும் மோட்டாரும் உணரிகளும் உண்டு. நள்ளிரவில் அது நின்றுபோனால் மேலே ஏறுபவர் ஒரு மனிதராகத்தான் இருக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா அதற்கு நல்ல அடித்தளம்.

தோட்டத்துக் கிராணி, பந்திங்:

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பேல்களைப் பற்றிப் பெரியவர் எழுதியதை வீட்டில் உரக்கப் படித்தேன். எண்பது வயதாகும் என் அம்மா, புகைக்கூடத்திலிருந்து அந்தப் பேல்கள் லாரியில் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் தோட்டத்து எண்ணெயும் இதே துறைமுகம் வழியாகத்தானே போகிறது? அப்படியானால் அந்த வளர்ச்சியில் எங்களுக்கும் பங்கு உண்டுதானே? கேரித் தீவைப் பற்றியும் எவரும் சொல்லவில்லை.

பார்வர்டிங் ஊழியர், கிள்ளான்:

அண்ணா, பாமாயிலின் பெரும்பகுதி பெட்டியில் போவதில்லை. குழாய் வழியாக எண்ணெய்க் கப்பலில் நேரடியாக ஏறிவிடுகிறது. அதனால் கொள்கலன் கணக்கில் அது வராது. உங்கள் தோட்டத்துக்கு வரும் ஆலை உதிரிபாகங்களும், எண்ணெயிலிருந்து செய்யும் சோப்பு மூலப்பொருள்களும் பெட்டிகளில் வந்து போகும்.

கேரித் தீவைப் பொறுத்தவரை, அந்தப் பேச்சை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். அங்கே தோட்டத்து மக்களும் மா மெரி பழங்குடியினரும் வாழ்கிறார்கள். அவர்களுக்கு என்ன வழி என்பதற்குத் தெளிவான பதில் வராத வரை அதை வளர்ச்சி என்று என்னால் சொல்ல முடியாது. மேலும், வெஸ்ட்போர்ட்ஸ் தன் ஆண்டுக் கொள்ளளவை 1 கோடியே 40 இலட்சம் டி.இ.யூ.விலிருந்து 2 கோடியே 70 இலட்சமாக உயர்த்தும் விரிவாக்கத்தைத் தொடங்கிவிட்டது. வேலை வருமானால் முதலில் அங்கேதான் வரும்.

மகனை ஒரு சனிக்கிழமை காலை எங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். ஒரு கே2 படிவத்தை அவன் கையாலேயே நிரப்பச் சொல்கிறேன். பிறகு டிப்போவுக்கு அழைத்துப் போய்ப் பெட்டியின் மூலைத் துளைகளையும் பூட்டையும் பக்கத்தில் காட்டுகிறேன். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பார்த்தது போதும்.

ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி, போர்ட் கிள்ளான்:

அன்றைக்கு நானும் வருகிறேன், தம்பி. என் பழைய கொக்கி இன்னும் வீட்டில் இருக்கிறது. அதையும் பிள்ளையிடம் காட்ட வேண்டும். உங்கள் அம்மாவால் பயணம் செய்ய முடியுமென்றால் அவரையும் கூட்டி வாருங்கள்.