மறு: ஸ்போராடிக், எர்ராடிக் – இரண்டுக்கும் ஒரே சொல் போதாது

குழுவினருக்கு வணக்கம்.

கடலூரில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நாங்கள் தொகுக்கும் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் இன்னும் முடிவாகவில்லை: ரேர் (rare), ஸ்போராடிக் (sporadic), எர்ராடிக் (erratic).

ரேர். 'அரிய' போதும், லத்தீன் 'ராருஸ்' நம் 'அரு'விலிருந்து போனதுதான் என்கிறார் புதுச்சேரிப் புலவர் ஐயா. பொறுத்தருள வேண்டும் ஐயா. ராருஸ் என்றால் அடர்த்தியில்லாத, இடைவெளி விட்ட என்று பொருள். நம் அருமையோ கடினத்தையும் மதிப்பையும் சொல்வது. ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது. அரிய நூல், அரிய வாய்ப்பு, சரி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்தவன் நான். 'அரிய புயல்' என்று எழுதக் கை வரவில்லை. 'அருகிய' என்றால் குறைந்துபோன என்றாகிவிடும் என்று ஒரு சகோதரி சுட்டியதும் நியாயம். அவர் சொன்ன 'அருகலான' எனக்குச் சம்மதம்.

மற்ற இரண்டுக்கும் 'ஒழுங்கற்ற' என்றே போடலாம் என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். கூடவே கூடாது! ஸ்போராடிக் கிரேக்கத்தில் விதை தூவுவதிலிருந்து வந்தது. ஒரு நோய் ஊரெல்லாம் பரவாமல் இங்கொருவர் அங்கொருவர் என்று தலைகாட்டினால் அது ஸ்போராடிக். 'தூவலான' என்று போட்டால் பிள்ளைகளுக்குத் தூறலும் பேனாவும்தான் நினைவுக்கு வரும். 'ஆங்காங்கான' கொஞ்சம் முரடுதான், ஆனால் படித்ததும் புரிகிறது.

எர்ராடிக் லத்தீனில் அலைவதிலிருந்து வந்தது. அதற்காக ஐயா 'அலைவுறு' என்கிறார். இயற்பியல் பாடத்தில் அலைவு என்பது ஊசல் ஆடுவது. அது காலம் தவறாமல் ஆடும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். என் சொல் 'தறிகெட்ட'. கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய மாடு அடுத்து எந்த வயலில் மேயும் என்று யாருக்குத் தெரியும்? தறிகெட்ட மழை என்றால் என் வகுப்பில் விளக்கமே வேண்டாம்.

அது வசைச்சொல், பாடநூலில் ஏறக்கூடாது என்று ஐயா இன்று காலையும் எழுதியிருக்கிறார். நான்கு பேர் என் பக்கம், இருவர் ஐயா பக்கம், மற்றவர்கள் பேசவில்லை. வியாழன் மாலைக்குள் எழுதிவிடுங்கள்.