எம். டி. யார், டி. ஆர். யார்? ஆள்பெயர் அட்டவணையில் ஒரே பெயர்க்காரர்களைப் பிரிப்பது

கொழிஞ்சாம்பாறை படிப்பகம் கேட்டது:

படிப்பகத்துக்கு எக்செல்லில் ஓர் ஆள்பெயர் அட்டவணை தயாராகிறது. தமிழ், மலையாளம் இரண்டிலும் புத்தகங்கள் உண்டு. பழைய பத்திரிகைக் கட்டிங் கோப்புகளும் உண்டு. தலைப்பு எல்லாம் தமிழ் எழுத்தில்தான் என்று முடிவு. முட்டுவது அங்கேதான்.

'எம். டி.' என்று தேடினால் பாடகர் மஞ்சப்ரா எம். டி. ராமநாதனும் எழுத்தாளர் கூடல்லூர் எம். டி. வாசுதேவன் நாயரும் ஒரே கும்பலாக வருகிறார்கள். 'கே. ராதாகிருஷ்ணன்' கோப்பில் ராக்கெட் செய்தியும் சட்டசபைச் செய்தியும் கலந்து கிடக்கின்றன. 'மணி ஐயர்' என்று ஒரு கோப்பு, எந்த மணி என்று மேலே எழுதவில்லை. பெயருக்குப் பின்னால் போட வேண்டியது ஊரா, வருடமா, தொழிலா? எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே முறை இருந்தால் சொல்லுங்கள்.

அட்டைப்பெட்டி எழுதியது:

எல்லாருக்கும் ஒரே முறை கிடையாது சார். வரிசை ஒன்று வைத்துக்கொள்ளலாம்: முதலில் பிறந்த, இறந்த வருடம்; அது பிரிக்காவிட்டால் ஊர்; அதுவும் பிரிக்காவிட்டால் தொழில். மூன்றையும் எல்லாருக்கும் திணித்தால் தலைப்பு நீண்டு, தேடுகிறவர் படிக்கவே மாட்டார்.

உங்கள் எம். டி. சிக்கல் தமிழ் எழுத்தால் வருவது. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அந்த இருவருக்கும் இரண்டாம் எழுத்து வேறு வேறு (D, T); தமிழில் இரண்டுக்கும் 'டி' ஒன்றுதான். டி. கே. பட்டம்மாளும் (D) டி. கே. ஷண்முகமும் (T), பி. சுசீலாவும் (P) பி. ஆர். பந்துலுவும் (B) இதே கதைதான். ஆகவே தனியாக ஒரு நெடுவரிசை ஒதுக்கி, முன்னெழுத்தை மூல எழுத்திலேயே அடித்து வையுங்கள். அடுத்த நெடுவரிசையில் விரிவு: மஞ்சப்ரா தேவேச பாகவதர் ராமநாதன், மாடத்து தெக்கேப்பாட்டு வாசுதேவன் நாயர். முதலாமவருக்கு ஊரும் தகப்பனார் பெயரும், இரண்டாமவருக்குத் தறவாட்டுப் பெயர், அதாவது குடும்ப வீட்டுப் பெயர். தலைப்பில் வரவேண்டியது இவ்வளவுதான்:

ராமநாதன், எம். டி. (1923–1984)
வாசுதேவன் நாயர், எம். டி. (1933–2024)

இயற்பெயரை முன்னால் கொண்டுவந்து, கமாவுக்குப் பின் முன்னெழுத்தைப் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும். அப்போது எம். டி.க்குப் பக்கத்தில் வாசுதேவன் நாயர், பி. கே. வந்து உட்காருவார். அவர் 1978–79இல் கேரள முதலமைச்சர். 'வாசுதேவன் நாயர்' என்று மட்டும் சொல்லிக் கேட்கிறவருக்கு இருவரையும் ஒரே பார்வையில் காட்டலாம்.

பின்னொட்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள். சாதிப்பெயரை விட்டு எழுதுவது நம் பக்கத்துப் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் சி. வி. ராமன் பிள்ளையின் (1858–1922) 'பிள்ளை'யை எடுத்தால், 1891இல் 'மார்த்தாண்ட வர்மா' நாவல் எழுதியவர் நோபல் பரிசு வாங்கிய சி. வி. ராமன் (1888–1970) ஆகிவிடுவார்.

இனி மூல எழுத்தும் உதவாத இடம். டி. ஆர். மகாலிங்கம் இருவர், எந்த மொழியில் எழுதினாலும் முன்னெழுத்து அதேதான். ஒருவர் தென்கரைக்காரர், பாடி நடித்தவர், 1978இல் இறந்தார். மற்றவர் திருவிடைமருதூர்க்காரர், புல்லாங்குழல் 'மாலி' (1926–1986). இருவரும் சமகாலம், இருவரும் சங்கீதம், அதனால் 'இசைக்கலைஞர்' என்று போட்டால் பயனில்லை. வருடம் பிரிக்கும், ஆனால் வாசகருக்கு வருடத்தைப் பார்த்து ஆள் தெரியாது. இங்கே மட்டும் 'புல்லாங்குழல்', 'நடிகர்' என்று கூடச் சேர்ப்பது தகும். 'மாலி' என்ற பெயருக்குத் தனி வரி போட்டு, 'காண்க: மகாலிங்கம், டி. ஆர். (புல்லாங்குழல்)' என்று திருப்பிவிடுங்கள்.

மணி ஐயர் கோப்பு இன்னும் வேடிக்கை. மதுரை மணி ஐயர், பாலக்காடு மணி ஐயர் இருவரும் பிறந்தது 1912. இருவருமே சங்கீத கலாநிதி. மதுரைக்காரர் 1959, பாலக்காட்டுக்காரர் 1966. பிறந்த வருடமும் விருதும் ஒன்றும் செய்யாது. ஊரே போதும், கச்சேரி உலகம் ஏற்கெனவே அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. கட்டிங்கில் ஊர் இல்லாவிட்டால், பாட்டா (மதுரை) மிருதங்கமா (பாலக்காடு) என்று பாருங்கள். மிருதங்கம் என்றாலும் உடனே பாலக்காடு என்று எழுதிவிட வேண்டாம். காரைக்குடி மணியும் (1945–2023) மிருதங்கம்தான். அவர் பெயரோடு 'ஐயர்' வருவதில்லை. தேதி 1981 மே மாதத்துக்குப் பிந்தி, வாசிப்பவர் உயிரோடு இருப்பதாகச் செய்தி சொன்னால் அது பாலக்காட்டு மணி ஐயர் ஆகாது.

கே. ராதாகிருஷ்ணனில் ஊர் உங்களை ஏமாற்றும். இஸ்ரோ தலைவராக இருந்தவர் இரிஞ்ஞாலக்குடாக்காரர், பிறப்பு 1949. மற்றவர் சேலக்கரைத் தொகுதியின் அரசியல்வாதி, பிறப்பு 1964, இப்போது ஆலத்தூர் எம்.பி. இரண்டு ஊரும் திருச்சூர் மாவட்டம்! முதலாமவர் இஸ்ரோ தலைமைக்கு வந்தது 2009 கடைசியில். இரண்டாமவர் 2006 முதல் 2011 வரை சட்டசபை சபாநாயகர். ஆகவே 2009 முதல் 2011 வரையிலான கட்டிங்குகளை மட்டும் தனியே எடுத்து உள்ளே படித்துப் பார்த்துப் பிரியுங்கள். கலப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வடிவீஸ்வரம் தெரு எழுதியது:

அண்ணாச்சி சொன்ன வரிசை சரிதான். ஆனால் திருவிதாங்கூர் ராஜாக்கள் கோப்பு உங்களிடம் இருந்தால் அது அங்கே உடைந்துபோகும். ராமவர்மா என்று எத்தனை பேர் பாருங்கள்: கார்த்திகைத் திருநாள் (ஆட்சி 1758–1798), சுவாதித் திருநாள் (1829–1846), ஆயில்யம் திருநாள் (1860–1880), விசாகம் திருநாள் (1880–1885), மூலம் திருநாள் (1885–1924). இங்கே பிறந்த நட்சத்திரம்தான் முன்னெழுத்து வேலையைச் செய்கிறது. தலைப்பில் நட்சத்திரத்தை முதலில் போடுங்கள். வருடத்துக்கு ஆட்சிக்காலம் போட்டால் 'ஆட்சி' என்று கட்டாயம் எழுதுங்கள், இல்லையென்றால் பிறப்பு–இறப்பு என்று படித்துவிடுவார்கள்.

நட்சத்திரத்தைத் தமிழாக்க வேண்டாம். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா அனிழம் திருநாள். நம் பஞ்சாங்கத்தில் அது அனுஷம் என்பதற்காக 'அனுஷம் திருநாள்' என்று அடித்தால் எந்தப் புத்தகத்தோடும் ஒட்டாது. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1847–1860), உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா (1922–2013) இருவருக்கும் நடுவே ஒன்றரை எழுத்துதான் வித்தியாசம். தட்டச்சில் அடிக்கடி ஒருவர் மற்றவராகிவிடுவார்.

நட்சத்திரமும் பெயரும் சேர்ந்தே ஒத்துப்போவதும் உண்டு. அசுவதித் திருநாள் ராமவர்மா இருவர்: கதகளிக்கான ஆட்டக்கதைகள் எழுதியவர் (1756–1794), இன்று கச்சேரி செய்கிற பாடகர், வீணைக் கலைஞர் (பிறப்பு 1968). அங்கே வருடம் மட்டுமே வழி.

கொழிஞ்சாம்பாறை படிப்பகம் எழுதியது:

நன்றி. ஊரும் தொழிலும் இரண்டுமே பிரிக்காத ஆட்கள் வந்தால்? கே. பி. எஸ். மேனன் என்று அப்பா, மகன் இருவர் இருக்கிறார்களே. அத்தோடு இன்னொன்று: 'இ. ஸ்ரீதரன்' என்று தேடினால் பாதிக் கட்டிங்தான் வருகிறது, மீதி கண்ணெதிரே இருந்தும் வருவதில்லை.

அட்டைப்பெட்டி எழுதியது:

மேனன்கள் இருவருமே வெளியுறவுச் செயலாளர்கள், இருவருமே சீனாவில் தூதர்கள். அப்பா செயலாளராக இருந்தது 1948–52, மகன் 1987–89. செயலாளராக இருந்த ஆண்டையே தலைப்பில் போடுங்கள். 'சீனியர்', 'ஜூனியர்' வேண்டாம். 1950ஆம் வருடச் செய்தியில் யாரும் சீனியர் என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

ஸ்ரீ விஷயம் யூனிகோட் சங்கதி. ஸ் + ரீ என்றும் ஶ் + ரீ என்றும் இரண்டு விதமாக அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு. ஒரு செல்லிலிருந்து ஒரு வடிவத்தை நகலெடுத்து ஃபைண்ட்–ரீப்ளேஸில் போட்டு, எல்லாவற்றையும் மற்ற வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். அதே கையோடு 'எம்.டி.' என்பதை 'எம். டி.' ஆக்குங்கள்; புள்ளிக்குப் பின் ஒரு ஸ்பேஸ் இருப்பதும் இல்லாததும் எக்செல்லுக்கு இரண்டு ஆள். வரிக்கடைசியில் ஒட்டியிருக்கும் ஸ்பேஸை டிரிம் போட்டு எடுத்துவிட்டு, அதன் பிறகு வரிசைப்படுத்துங்கள்.

நகரி ரோடு எழுதியது:

ஆந்திரா எல்லையிலிருந்து சேர்க்க வேண்டியது. தெலுங்குப் பெயரில் முன்னால் நிற்பது இண்டி பேரு, அதாவது வீட்டுப்பெயர். அதை விரித்துவிட்டால் சண்டையே இல்லை. ஜே. கிருஷ்ணமூர்த்தி, யு. ஜி. கிருஷ்ணமூர்த்தி இருவரின் புத்தகமும் ஒரே தட்டில் கலந்து கிடக்காத நூலகம் குறைவு. இருவருக்கும் தெலுங்குக் குடும்பம், இருவருக்கும் பிரம்மஞான சபைத் தொடர்பு, இருவரும் தத்துவம் பேசியவர்கள். கிருஷ்ணமூர்த்தி, ஜிட்டு (1895–1986), மதனப்பள்ளியில் பிறந்தவர். கிருஷ்ணமூர்த்தி, உப்பலூரி கோபால (1918–2007). வீட்டுப்பெயரும் கைவிடுகிற இடம் நந்தமூரி தாரக ராமாராவ்: தாத்தா (1923–1996), பேரன் (1983– ). இருவரும் நடிகர்கள் வேறு.

ஊர் போடும்போது மாவட்டம் கேட்காதீர்கள் என்பது என் கட்சி. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தபோது அது வட ஆற்காடு. 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டானதும் அதில் போனது. 1960இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. 'திருத்தணி' போதும்.

ஒரே ஒரு விலக்கு, அது உங்கள் சித்தூர் தாலுகாதான். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை கோப்பைப் பாலக்காட்டுச் சங்கீத வரிசையில் வைத்திருந்தால் வெளியே எடுங்கள், அவர் ஆந்திரச் சித்தூர். பாடகி பி. லீலா உங்கள் சித்தூர். இந்த ஊருக்கு மட்டும் 'சித்தூர், பாலக்காடு', 'சித்தூர், ஆந்திரா' என்று போட்டே தீர வேண்டும்.

வடிவீஸ்வரம் தெரு எழுதியது:

கடைசியாக ஒன்று. எவ்வளவு பார்த்தும் யார் என்று பிடிபடாத கட்டிங்கை இருக்கிற ஆளோடு ஒட்டவைக்க வேண்டாம். 'மணி ஐயர் (அடையாளம் தெரியவில்லை)' என்று தனித் தலைப்பு போட்டு, பத்திரிகைப் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் எழுதி வையுங்கள். தெரிந்த அன்றைக்கு அந்த ஒரு வரியை நகர்த்தினால் போதும். தப்பாகச் சேர்த்ததைப் பிறகு பிரிக்க முழுக் கோப்பையும் திரும்பப் படிக்க வேண்டிவரும்.