பொருள்: காருக்கு வரும் அப்டேட்டுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

திருப்பரங்குன்றத்திலிருந்து

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் பாலிடெக்னிக்கில் மின்கார் பழுதுபார்க்க ஒரு குறுகிய காலப் பயிற்சி தொடங்குகிறோம். கையேட்டைத் தமிழில் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மோட்டார், பேட்டரி, சார்ஜர் பாடங்கள் முடிந்தன. ஐந்தாம் பாடத்தின் முதல் வரியிலேயே மூன்று நாளாக நிற்கிறேன். மொபைல் சிக்னல் வழியாகவோ வைஃபை வழியாகவோ காருக்கு நேராக வந்து சேர்கிறதே மென்பொருள் அப்டேட், அதற்கு என்ன சொல் போடுவது?

'புதுப்பிப்பு' இருக்கிறதே என்பீர்கள். போனிலும் கணினியிலும் அதுதான் பழகியிருக்கிறது. ஆனால் வண்டிக்காரர்களிடம் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. லைசென்ஸைப் புதுப்பிக்கிறோம், இன்சூரன்ஸைப் புதுப்பிக்கிறோம், எஃப்சி என்ற தகுதிச் சான்றைப் புதுப்பிக்கிறோம். அங்கெல்லாம் காகிதத்தில் தேதி மாறும், வண்டி அப்படியேதான் இருக்கும்.

போன மாதம் பக்கத்து வீட்டில் நடந்தது. மேலூரில் ஒரு முகூர்த்தம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரியவர் காரில் ஏறினார், அத்தை பட்டுச்சேலையில் பின்னால் உட்கார்ந்தாகிவிட்டது. திரையில் 'புதுப்பிப்பு தயார், இப்போது தொடங்கவா?' என்று வந்திருக்கிறது. இன்சூரன்ஸ் ஞாபகப்படுத்துகிறது என்று நினைத்து 'சரி'யை அமுக்கிவிட்டார். முப்பத்தைந்து நிமிடம் கார் அசையவில்லை. அதுகூடப் பரவாயில்லை. கிளம்பிய பிறகு ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் வண்டி முன்பைவிட வெடுக்கென்று வேகம் குறைகிறது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் சுதாரித்துக்கொண்டதால் தப்பித்தார்கள். பெரியவருக்கு என்ன மாறியது என்றே தெரியவில்லை, காரில் ஏதோ கோளாறு என்று பயந்துபோய் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

எனக்கு வேண்டியது இதுதான்: திரையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும், வண்டி நேற்று ஓடிய மாதிரி இன்று ஓடாது என்று ஸ்டீயரிங் பிடிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். கூடவே, தடம் விலகாமல் பிடித்துக்கொள்வது, முன்வண்டியைப் பார்த்து வேகம் குறைப்பது போன்றவற்றுக்கும் ஒரு பொதுச்சொல் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

பசுமலையிலிருந்து

தம்பிக்கு வணக்கம். நல்ல கேள்வி. சொல் நம் கையிலேயே இருக்கிறது: இற்றை. இன்று என்ற மென்தொடர் வன்தொடராகத் திரிந்து ஐகாரம் பெற்றால் இற்றை. அன்று + கூலி அற்றைக்கூலி ஆவது போல, இன்று + நாள் இற்றைநாள். நன்னூலார் இதற்கு விதியே வகுத்திருக்கிறார். இற்றைப்படுத்துதல் என்றால் இன்றைய நிலைக்குக் கொண்டுவருதல். இதைவிடத் துல்லியம் வேறென்ன வேண்டும்? பாரி மகளிர் பாடிய 'இற்றைத் திங்கள்' புறநானூற்றின் 112ஆம் பாட்டில் இருக்கிறது. அவர்கள் இழந்த பறம்பு இங்கே சிங்கம்புணரிக்குப் பக்கத்தில், பிரான்மலையாகவே நிற்கிறது என்பார்கள். நம் மண்ணில் முளைத்த சொல்லை விட்டுவிட்டு எங்கே தேடுகிறோம்?

இரண்டாவது கேள்விக்கும் புறநானூறே விடை. 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்கிறார். ஓட்டுபவன் செலுத்தாமல் தானே செல்லும் ஊர்தி. வலவன் என்பது வல் என்னும் அடியிலிருந்து வந்தது, வல்லவன் என்பதே அதன் உட்பொருள். வலப்பக்கம் அமர்வதால் வலவன் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. 'வலவனிலி' என்று ஒரு சொல்லை ஆக்கிக்கொள்ளலாம். தானியங்கி என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது கியர் பெட்டிக்குப் போய்விட்டது.

மாட்டுத்தாவணிப் பக்கத்திலிருந்து

ஐயா, நான் பணிமனையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். தமிழ் படித்தவள் இல்லை, அதனால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இற்றை என்று பலகையில் எழுதினால் எங்கள் பையன்கள் 'இத்தை' என்றுதான் வாசிப்பார்கள். இத்துப்போன டயர், இத்துப்போன ஓஸ் என்று நாள் முழுக்கச் சொல்கிறவர்கள் அவர்கள். புது மென்பொருள் வந்திருக்கிறது என்று சொல்லப்போய், வண்டி இற்றுப்போனது என்று அவர்கள் காதில் விழும்.

வலவனிலி வேண்டவே வேண்டாம். அந்தப் பாட்டில் வருவது புகழோடு மறைந்தவர்கள் வானத்துக்கு ஏறிப்போகும் ஊர்தி என்று என் பெண்ணின் பாடப் புத்தகத்தில் பார்த்தேன். அது கிடக்கட்டும். இன்று இங்கே விற்கும் கார்களில் இருப்பது இரண்டாம் நிலை உதவிதான். வண்டி தானே எவ்வளவு ஓட்டுகிறது என்பதற்குப் பூச்சியத்திலிருந்து ஐந்து வரை நிலைகள் உண்டு. இரண்டில் கை ஸ்டீயரிங்கிலும் கண் ரோட்டிலும் இருந்தே ஆக வேண்டும், பொறுப்பு முழுக்க ஓட்டுகிறவருக்கு. டெஸ்லாவே 2024இல் தன் 'முழுத் தானோட்டம்' என்ற பெயரின் பின்னால் 'மேற்பார்வையுடன்' என்று சேர்க்க வேண்டி வந்தது. ஓட்டுநர் இல்லை என்று அர்த்தம் வரும் எந்தச் சொல்லும் திண்டுக்கல் ரோட்டில் ஆளைக் கொல்லும். 'துணை' என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும்.

அப்டேட் எப்படி நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன், சொல் பிடிக்க உதவும். கோப்பு முதலில் பின்னணியில் இறங்கும், அப்போது வண்டி ஓடலாம். அனுப்பியது கம்பெனிதானா, நடுவில் யாரும் கைவைத்தார்களா என்று மின்னணுக் கையெழுத்தைச் சரிபார்க்கும். பல வண்டிகளில் நினைவகத்தில் இரண்டு இடம் உண்டு. ஒன்றில் பழையது ஓடிக்கொண்டிருக்க, மற்றதில் புதியது எழுதப்படும். அணைத்து மீண்டும் எழுப்பும்போது புதியதுக்குத் தாவும், அது எழவில்லை என்றால் பழையதுக்கே திரும்பிவிடும். ஆனால் பிரேக், ஸ்டீயரிங்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிகளில் எழுதும்போது வண்டி நின்றுதான் ஆக வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சோர்ந்திருந்தால் தொடங்கவே செய்யாது. இத்தனையையும் நாங்கள் ஒரே வார்த்தையில்தான் சொல்கிறோம்: 'சாஃப்ட்வேர் ஏத்தியாச்சா?'

வாடிப்பட்டியிலிருந்து

தங்கச்சி சொன்ன அந்த 'ஏத்தியாச்சா'வை விடாதீர்கள். மென்பொருள் ஏற்றம். வாயில் இருக்கிற சொல் அது, யாரும் புதிதாகப் பிறப்பிக்க வேண்டியதில்லை.

ஏற்றம் என்றதும் எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைத்தது நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கம் ஏற்றத்தைவிடக் கமலைதான் அதிகம். இரண்டு மாடு பின்னுக்கு நடந்தால் தண்ணீர் அள்ளும் சால் இறங்கும், சரிவில் முன்னுக்கு நடந்தால் சால் நிறைந்து ஏறி வரும், வால் வழியாகத் தண்ணீர் கொட்டும். எங்கள் அப்பா வடத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு மாட்டோடு பேசுவார். சால் தோலில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலும் மேலே வருவதற்குள் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே போய்விடும், அதனால் தினமும் காலையில் தோலைத் தடவிப் பார்ப்பார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இறக்குவதும் ஏற்றுவதும் அங்கே ஒரே வேலை. கோப்பினை இறக்குவது, வண்டியில் ஏற்றுவது என்று தங்கச்சி சொன்னதும் அப்படித்தான் இருக்கிறது.

ஆங்கில 'ஓவர் தி ஏர்' என்பதைப் பார்த்து வான்வழி, காற்றுவழி என்று யாராவது கிளம்புவதற்கு முன் ஒன்று: வான்வழி என்றால் செய்தி கேட்கிறவர்களுக்குத் தாக்குதல்தான் நினைவுக்கு வரும். அலைவழி என்று போடுங்கள்.

கோச்சடையிலிருந்து

நான் யாழ்ப்பாணம், இப்போது மதுரையில் வேலை. எங்கட ஊரில் இற்றைப்படுத்தல் என்பது அரச அலுவலகப் படிவங்களிலேயே இருக்கிறது, யாரும் அதை இற்றுப்போவதோடு குழப்பிக்கொண்டதாக நான் கண்டதில்லை. பழக்கம்தான் காரணம். உங்களுக்கு இங்கே பழக்கமில்லை என்பதற்காக இன்னொரு சொல்லை ஆக்கினால், இரு கரையிலும் ஒரே பொருளுக்கு இரு சொல் ஆகிவிடும். கணினி, கணிப்பொறி என்று முன்பு பட்டது போதாதா?

பசுமலையிலிருந்து

கோச்சடைத் தம்பிக்கு நன்றி. மாட்டுத்தாவணி அம்மா சொல்வதையும் தள்ளவில்லை. ஆனால் வினைமுற்றிலிருந்து இறங்கிவந்த கொச்சையையெல்லாம் கலைச்சொல் ஆக்கினால், 1901இல் பாண்டித்துரைத் தேவர் இதே ஊரில் சங்கம் வைத்தது எதற்கு? வடசொல்லையே வடவெழுத்து நீக்கித்தான் ஏற்கலாம் என்றார் தொல்காப்பியர். மொழிக்கு ஒரு வாசற்படி வேண்டும்.

வலவன் ஏவா ஊர்தி சொர்க்கத்துக்குப் போவது என்பது உண்மைதான், அதை விட்டுவிடுகிறேன். ஆனால் மின்கார் என்றதும் அகநானூற்றின் நான்காம் பாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடுமே என்று அஞ்சி, தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான் தலைவன். ஓசையில்லாத தேர்! இன்று அதற்கு நேர்மாறாக, ஓசையில்லாத வண்டி நடப்பவரை இடித்துவிடும் என்று, ஐரோப்பாவில் 2019 முதல் புது மாடல் மின்வண்டிகள் 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒலிக்கு 'மணிநா' என்று பெயர் வைக்க முன்மொழிகிறேன். கையேட்டில் இடம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

அப்புறம், 'ஓட்டுத்துணை' என்று யாரும் எழுதிவிடாதீர்கள். புணர்ச்சி சரி, ஆனால் தேர்தல் நேரத்தில் பூத் ஏஜெண்ட் என்று எடுத்துக்கொள்வார்கள். ஓட்டுநர் துணை போதும்.

திருப்பரங்குன்றத்திலிருந்து

'ஓட்டுநர் துணை' எடுத்துக்கொண்டேன், மறுப்பு யாருக்கும் இல்லை. மணிநாவையும் ஏழாம் பாடத்தில் சேர்க்கிறேன் ஐயா, அது அழகான சொல்.

அப்டேட்டுக்கு நேற்று வகுப்பிலேயே கேட்டுப் பார்த்தேன். பலகையில் புதுப்பிப்பு, இற்றை, ஏற்றம், அப்டேட் நான்கையும் எழுதி, 'இது வந்த பிறகு வண்டியில் என்ன மாறும்?' என்று கேட்டேன். புதுப்பிப்புக்கு உசிலம்பட்டிப் பையன் எழுந்து, 'ஆர்டிஓ ஆபீஸ் போகணுமா சார்?' என்றான். இற்றைக்கு அமைதி. ஏற்றத்துக்குப் பின் பெஞ்சிலிருந்து, 'உள்ளே புதுசா எதையோ ஏத்துறாங்க, ஓட்டிப் பாக்கணும்' என்று பதில் வந்தது. எனக்கு அந்த 'ஓட்டிப் பாக்கணும்' போதும்.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று கேட்டவர்களுக்கு: 2018இல் டெஸ்லா மாடல் 3 காரை அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று சோதித்தது. மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 46 மீட்டர் எடுத்தது. சில நாளில் அலைவழியே ஒரு மென்பொருள் வந்தது, அதே கார் 6 மீட்டர் முன்னதாகவே நின்றது. ஒரு ஸ்பேனரும் தொடவில்லை. 2023 டிசம்பரில் அங்கே 20 லட்சத்துக்கும் அதிகமான டெஸ்லா கார்களை 'திரும்பப் பெறுவதாக' அறிவித்தார்கள். ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று பார்க்கும் ஏற்பாடு போதவில்லை என்பது குறை. அதைச் சரிசெய்ய ஒரு காரும் எங்கும் திரும்பப் போகவில்லை, வீட்டு வாசலில் நின்றபடியே மென்பொருள் ஏறியது. பிரேக்கையும் எச்சரிக்கையையும் மாற்றக்கூடிய ஒன்றை, ரசீதில் தேதி மாற்றுகிற சொல்லால் அழைக்கக் கூடாது. 2021இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா.வின் 156ஆம் வாகன விதியே, என்ன மாறுகிறது, எவ்வளவு நேரம் ஆகும், அப்போது எது வேலை செய்யாது என்று வண்டிக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. நம் நாட்டு வாகனத் தரமான ஏஐஎஸ் 190உம் அதே வழியில் வந்ததுதான். சொல்வது புரியும் மொழியில் இருக்க வேண்டாமா?

ஆகவே கையேட்டில் 'மென்பொருள் ஏற்றம்', அலைவழியே வந்தால் 'அலைவழி ஏற்றம்'. முதன்முதலில் வரும் இடத்தில் மட்டும் 'பணிமனைகளில் அப்டேட் என்பார்கள்' என்று ஒரு வரி. கோச்சடை நண்பர் சொன்னதற்காகக் கையேட்டின் கடைசிச் சொற்பட்டியலில் இற்றைப்படுத்தலும் இருக்கும். ஆதரவு ஐந்து, மறுப்பு இரண்டு, பதில் சொல்லாதவர்கள் பலர். இன்று மாலை அச்சகத்துக்குப் போகிறது.

பசுமலையிலிருந்து

ஏற்றத்துக்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது என்று பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு இடங்கள் உண்டு, புதியது எழவில்லை என்றால் வண்டி பழைய பதிப்புக்கே திரும்பிவிடும் என்று அம்மா எழுதியிருந்தார்கள். அந்தத் திரும்புதலை என்னவென்று சொல்வீர்கள்? இறக்கம் என்றால் அது ஏற்கெனவே பதிவிறக்கத்துக்குப் போய்விட்டது.

மாட்டுத்தாவணிப் பக்கத்திலிருந்து

ஐயா, நாங்கள் 'பழசுக்கே போயிருச்சு' என்போம். அதற்கு ஒரு சொல் நீங்களே சொல்லுங்கள், ஆறாம் பாடம் இன்னும் அச்சுக்குப் போகவில்லையாம்.