நிறைந்தாலும் மூடாத கதவு: கஷாயக்காரருக்கு ஒரு பதில்

குறுக்குத்துறைக்காரன்:
இன்று காலை பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் ஒருவர் நடக்க வந்த பத்துப் பேரை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். நம் உடம்பில் துப்புரவு ஏற்பிகள் இருக்கின்றனவாம். ரத்தக் குழாயில் படியும் கொழுப்பை அவை கூட்டி அள்ளிவிடுமாம். அவற்றைப் பெருக்கும் கஷாயத்தைக் குடித்துவிட்டால் அல்வாவை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமாம். கையில் புட்டியும் இருந்தது. முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் நான், வாயை மூடிக்கொண்டு வர முடியவில்லை.

ஏற்பி என்பது செல்லின் மேல் இருந்துகொண்டு பொருளைப் பிடித்து உள்ளே விடும் புரதம், ஒரு கதவு மாதிரி. துப்புரவு ஏற்பி அள்ளும், நிறுத்தாது. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் துகள் எல்டிஎல். அதைப் பிடிக்கும் சாதாரண எல்டிஎல் ஏற்பி, செல்லுக்குள் கொலஸ்ட்ரால் போதுமென்றால் தன் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். துப்புரவு ஏற்பிக்கு அந்த அடக்கம் கிடையாது. பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-இல் அசிட்டைல் என்ற வேதித் தொகுதியைச் சேர்த்து மாற்றிய எல்டிஎல்லை, கிருமியையும் கழிவையும் விழுங்கும் பெருவிழுங்கு செல்களுக்குக் கொடுத்தார்கள். அவை அளவு தெரியாமல் விழுங்கின. கதவு மூடாது. இதைப் பெருக்கவா கஷாயம்?

பேட்டை மருந்தாளுநர்:
அண்ணாச்சி, கஷாயக்காரர் சொன்னது பிதற்றல்தான். ஆனால் நீங்கள் சொல்வதும் பாதிக் கதை. எஸ்ஆர்-ஏ என்ற துப்புரவு ஏற்பி இல்லாத எலிகளுக்குக் கொழுப்புப் படிவு குறைந்தது என்று 1997-இல் எழுதினார்கள். 2005-இல் வேறொரு குழு அதையும் சிடி36 என்ற இன்னொரு துப்புரவு ஏற்பியையும் நீக்கிப் பார்த்தது. எதிர்பார்த்தபடி படிவு குறையவில்லை. கதவையே பெயர்த்தெடுத்த பிறகும் வீடு எப்படி நிறைந்தது?

குறுக்குத்துறைக்காரன்:
தம்பி, வீடு நிறைந்ததா என்று நான் கேட்கவில்லை. கதவு மூடுமா, மூடாதா? ஒரே சொல்லில் பதில் சொல்லுங்கள்.

பேட்டை மருந்தாளுநர்:
முன்வாசலை மட்டும் பார்த்தால் எப்படி? உள்ளே வந்த கொலஸ்ட்ராலை ஏபிசிஏ1 என்ற புரதம் வெளியே தள்ளுகிறது, எச்டிஎல் என்ற துகள் அதை ரத்தத்தில் ஏற்றிக்கொண்டு போகிறது. பின்வாசல் திறந்திருக்கும் வீட்டில் முன்கதவு மூடாவிட்டால்தான் என்ன?

குறுக்குத்துறைக்காரன்:
மூடாது என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

பேட்டை மருந்தாளுநர்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பாபநாசம் அணை 134 அடி என்று எழுதிவிட்டு, 143 என்று நான் காட்டியபோதும் இப்படித்தான் மூன்று நாள் இழுத்தீர்கள்.

குறுக்குத்துறைக்காரன்:
அது விரல் தவறியது. இது அறிவியல். கொழுப்பை விழுங்கிப் புடைத்த பெருவிழுங்கு செல்லுக்கு நுரை செல் என்று பெயர். அதை நீங்கள் அட்டையில் அச்சடித்த படத்தில் பார்த்திருப்பீர்கள். நான் நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்த்தவன். கண்ணாடித் தகட்டுக்குத் திசுவைப் பதப்படுத்தும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும். கொழுப்பு இருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையான குமிழ்கள், செல்லின் நியூக்ளியஸ் ஓர் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். சோப்பு நுரையை விரலால் தொட்டு வைத்ததுபோல இருக்கும். பின்வாசல் அவ்வளவு விசாலமாக இருந்தால் இந்த நுரை எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. 1998-இல் வந்த ஆய்வுகள் சொல்வதைக் கேளுங்கள். ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல் உள்ளே போகப் போக சிடி36 இன்னும் கூடுகிறது. மூடாதது மட்டுமல்ல, கதவு குட்டி போடுகிறது!

மேலப்பாளையம் செவிலி:
இரண்டு பேரும் இதயத்தை விட்டுக் கீழே இறங்கவே மாட்டீர்களா? இந்த ஏற்பிகளுக்குக் கிருமியைப் பிடிக்கிற வேலையும் உண்டு. நீங்கள் சண்டை போடுகிற அதே 1997 எலிகள் லிஸ்டீரியா பாக்டீரியாவுக்கும் ஹெர்ப்பீஸ் வைரசுக்கும் எளிதில் பலியாயின என்பதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? நுரையீரலில் மார்க்கோ என்றொரு துப்புரவு ஏற்பி தூசியையும் பாக்டீரியாவையும் பற்றுகிறது. என் அம்மா முக்கூடலில் மடியில் முறத்தை வைத்து முப்பது வருடம் பீடி சுற்றியவர். சாயங்காலம் முகம் கழுவினால் மூக்கிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் வரும். அந்தத் தூளோடு அவருடைய நுரையீரல் செல்கள் என்ன பாடுபட்டன என்று யாராவது எழுதுங்கள். மலேரியாவில் வேடிக்கை வேறு. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு இதே சிடி36-ஐப் பிடித்துக்கொண்டு ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது.

குறுக்குத்துறைக்காரன்:
நல்ல செய்தி, அம்மா. ஆனால் தலைப்பு கதவு.

களக்காடு வாழைத்தோட்டம்:
எனக்கு ஒரு சந்தேகம். அரசாங்கமே துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றிவிட்டது. நீங்கள் இன்னும் துப்புரவு ஏற்பி என்கிறீர்களே?

குறுக்குத்துறைக்காரன்:
பெயரை மாற்றினால் கதவு மூடிவிடுமா? விளங்கும்படி சொல்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த நாலாம் நாள் எங்கள் தெருவில் குப்பை வண்டி வந்தது. சேறு, மெத்தை, பாடப் புத்தகம், செத்த ஆடு, எல்லாவற்றையும் ஏற்றினார்கள். நிறைந்த பிறகும் ஏற்றினார்கள். தெருமுனை திரும்பும்போது அச்சு முறிந்து, அள்ளியதெல்லாம் மறுபடி தெருவில். அந்த வண்டிதான் நுரை செல். செத்துச் சிதறும்போது அள்ளியதைக் குழாய்ச் சுவருக்குள்ளேயே கொட்டிவிடும்.

பேட்டை மருந்தாளுநர்:
அந்த வண்டியை நானும் பார்த்தேன். சுமையால் முறியவில்லை. வெள்ளம் அரித்த பள்ளத்தில் சக்கரம் இறங்கியதால் முறிந்தது. காரணத்தை மாற்றிச் சொல்வது உங்களுக்கு வழக்கம்தானே.

குறுக்குத்துறைக்காரன்:
பள்ளம் தெருவின் மறுகோடியில். வண்டி நின்றது பிள்ளையார் கோயில் பக்கம்.

பேட்டை மருந்தாளுநர்:
பள்ளமும் பிள்ளையார் கோயில் பக்கம்தான். என் மச்சினன் வீடு அங்கே இருக்கிறது.

மேலப்பாளையம் செவிலி:
பீடித் தூளைப் பற்றி நான் கேட்டது இன்னும் அப்படியே நிற்கிறது.

குறுக்குத்துறைக்காரன்:
மச்சினன் சாட்சியெல்லாம் செல்லாது. வண்டியின் படம் என் பழைய கைபேசியில் இருக்கிறது. இன்று இரவு தேடிப் போடுகிறேன், பள்ளம் தெரிகிறதா என்று எல்லோரும் பாருங்கள். அதுவரைக்கும், கதவு மூடாது.

களக்காடு வாழைத்தோட்டம்:
அந்தக் கஷாயம் என்ன விலை சொன்னார்?