பற்றரி மாற்றிய பிறகு நவிகேஷன் திரையில் ஜப்பானிய எழுத்து மட்டும் நிற்கிறது – அவசர உதவி தேவை

மாவிட்டபுரத்தான் (இழையைத் தொடங்கியவர்)
சனி, 15 நவம்பர் 2025, மாலை 6.40

வணக்கம். இன்று காலை காருக்குப் பற்றரி மாற்றினேன். அதிலிருந்து நவிகேஷன் வேலை செய்யவில்லை. திரையில் ஜப்பானிய மொழியில் இரண்டு வரி நிற்கிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது போவதில்லை, பாட்டும் வருவதில்லை. திங்கள் காலை அப்பாவைக் கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

கோவை மின்பணியாளர்
மாலை 6.58

என்ன கார்? எந்த ஆண்டு? எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? பேட்டரி மாற்றும்போது எந்த முனையை முதலில் கழற்றினார்கள்? நெகட்டிவை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்டியிருக்க வேண்டும். மாற்றிச் செய்திருந்தால் ஸ்பேனர் பாடியில் உரசி ஃபியூஸ் போயிருக்கலாம். இந்த நவிகேஷன் பெட்டிகளுக்கு இரண்டு மின்வழிகள் உண்டு. ஒன்று நினைவைக் காக்க எப்போதும் வரும் மின்சாரம், மற்றொன்று சாவி போட்டால் வருவது. முதல் வழியின் ஃபியூஸ் போனால் பெட்டி ஒவ்வொரு முறையும் புதிதாய்ப் பிறந்ததுபோல் விழிக்கும். முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

வல்வைக்காற்று
மாலை 7.05

தம்பி, ஹைபிரிட் காரா? மாற்றியது 12 வோல்ட் சிறிய பற்றரியா, பெரிய பற்றரியா? பதில் சொல்லும்வரை செம்மஞ்சள் நிறக் கேபிள் எதிலும் கை வைக்காதீர்கள். அதில் ஓடுவது உயிரை எடுக்கும் மின்சாரம்.

சுழியம் (மூத்த உறுப்பினர்)
மாலை 7.21

பதினான்கு ஆண்டுகளாக இங்கே பதில் எழுதுகிறேன். ஜப்பானில் ஓடிய கார் வாங்குபவர்கள் எல்லோரும் இதே கேள்வியோடு வருகிறார்கள், ஒருவரும் பழைய இழைகளைத் தேடிப் படிப்பதில்லை. காரின் பெயர் இல்லை, பெட்டியின் மாதிரி எண் இல்லை, திரையின் படம் இல்லை. "ஜப்பானிய எழுத்து" என்றால் எதைக் கண்டுபிடிப்பது? என்னுடைய விடை என்றைக்கும் ஒன்றுதான்: கழற்றிவிட்டு அன்ட்ரொயிட் திரை ஒன்றைப் பொருத்துங்கள். ஜப்பான் வரைபடத்தை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் எங்கே போகப் போகிறீர்கள்?

விண்கோள் விரும்பி
மாலை 7.34

பற்றரியை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். பற்றரி மாற்றுவதற்கு முன் திரையில் தேதி சரியாக இருந்ததா? இதை யாரும் கேட்கவில்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தேதியை வாரக் கணக்கில் அனுப்புகின்றன. பழைய முறையில் அந்த எண்ணுக்கு 10 பிட் (இரும இலக்கம்) மட்டுமே இடம், ஆகவே 1024 வாரம் நிறைந்ததும் கணக்கு மறுபடி சுழியத்துக்கு வரும். 1999 ஆகஸ்டில் ஒரு முறை வந்தது. அடுத்தது 2019 ஏப்ரலில், இலங்கை நேரப்படி 7ஆம் தேதி அதிகாலை ஐந்தரை மணியளவில். பெட்டியின் மென்பொருள் தன் சொந்தத் தொடக்க வாரத்திலிருந்து எண்ணினால் அது குழம்பும் நாள் வேறாக இருக்கும். 2019ஐத் தாண்டிய பெட்டி இப்போது விழலாம். பற்றரியைக் கழற்றியதும் அது தேதியைப் புதிதாகக் கேட்டிருக்கிறது, வந்த தேதி பழையது, உறைந்துவிட்டது. என் கணிப்பு இதுதான்.

கோவை மின்பணியாளர்
மாலை 7.40

வார எண் குழம்பினால் தேதி தவறும், சில நேரம் இடமும் தவறும். பாட்டு ஏன் நிற்க வேண்டும்? ஃபியூஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாவிட்டபுரத்தான்
மாலை 8.12

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். 2013ஆம் ஆண்டு ஹைபிரிட் கார், 2015இல் ஜப்பானிலிருந்து இறக்கியது, சென்ற ஆண்டு மாமாவிடமிருந்து வாங்கினேன். காங்கேசன்துறைப் பக்கம் இருக்கிறேன். மாற்றியது 12 வோல்ட் பற்றரி. கடைப் பையன்தான் மாற்றினான், எந்த முனையை முதலில் கழற்றினான் என்று கவனிக்கவில்லை. ஃபியூஸ் எல்லாம் பார்த்துவிட்டேன், நல்லபடியாக இருக்கின்றன. சொல்ல மறந்தது: ரிவர்ஸ் கமெராவும் வருவதில்லை. திரையின் படத்தை இணைத்திருக்கிறேன்.

[படம்]

நாகோயாவாசி
மாலை 8.31

படத்துக்கு நன்றி. பதினொரு ஆண்டுகளாக ஜப்பானில் வேலை செய்கிறேன், எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. முதல் இரண்டு எழுத்தும் "சிஸு" (chizu), அதாவது வரைபடம். வரைபட எஸ்.டி. காட்டை (சிறிய நினைவக அட்டையை) செருகும்படி அது கேட்கிறது, வேறொன்றும் இல்லை. உங்கள் பெட்டி பழுதாகவில்லை, தன் காட்டைத் தேடுகிறது.

இந்த வகைப் பெட்டிகளில் அந்தக் காட்டில் இருப்பது வரைபடம் மட்டும் அல்ல, பெட்டி எழுந்து நிற்கத் தேவையான மென்பொருளும் அதில்தான். மின்சாரம் அறாதவரை காட் இல்லாமலும் பாட்டு, கமெரா எல்லாம் ஓடும். பற்றரியை ஒருமுறை கழற்றினால் பெட்டி தொடக்கத்திலிருந்து எழ வேண்டும், அப்போது காட் இல்லையென்றால் எல்லாவற்றையும் பூட்டிவிடும். திருடிய பெட்டி விலைபோகக் கூடாது என்பதும் ஒரு காரணம். திரைப் பலகையைச் சாய்த்தால் பின்னால் ஒரு துளை இருக்கும். காட் உள்ளே இருக்கிறதா?

மாவிட்டபுரத்தான்
மாலை 8.44

பார்த்தேன். காட் உள்ளேதான் இருக்கிறது.

விண்கோள் விரும்பி
மாலை 8.50

பாருங்கள். காட் இருந்தும் கேட்கிறது என்றால் சிக்கல் காட்டில் இல்லை. தேதியைப் பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வல்வைக்காற்று
மாலை 8.57

கடற்கரையோரம் இருக்கும் நமக்கு இன்னொன்றும் உண்டு. உப்புக்காற்றில் காட்டின் உலோகப் பற்கள் கறுத்துப்போகலாம். காட்டை வெளியே எடுத்து உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து மறுபடி செருகுங்கள். சட்டைத் தையலில் தேய்க்க வேண்டாம்.

நாகோயாவாசி
மாலை 9.03

துடைக்கும்போது அதன் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது, எத்தனை ஜி.பி. என்று பாருங்கள். மிக முக்கியமான ஒன்று: அதைக் கணினியிலோ கைபேசியிலோ போட்டுப் பார்க்காதீர்கள். "இந்தக் காட்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும், அவசரத்தில் ஆம் என்று அழுத்திவிட்டால் திரும்பப் பெற முடியாது. வேறொரு காட்டில் நகல் எடுத்தாலும் உதவாது. ஒவ்வொரு எஸ்.டி. காட்டிலும் தயாரிக்கும்போதே பதித்த 16 பைட் அடையாள எண் உண்டு, பெட்டி அந்த எண்ணைச் சரிபார்க்கிறது.

சுழியம் (மூத்த உறுப்பினர்)
மாலை 9.20

ஒரு பழைய பெட்டிக்காக இத்தனை பாடு. வழி காட்ட எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது, அதன் வரைபடம் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. காரோடு வரும் நவிகேஷன் தொடக்கத்திலிருந்தே கைபேசிக்கு ஈடானதல்ல. இதை ஒப்புக்கொள்ளாமல் புதியவர்களுக்கு வீண் நம்பிக்கை கொடுப்பது சரியல்ல.

நாகோயாவாசி
மாலை 9.41

ஐயா, "தொடக்கத்திலிருந்தே" என்பதை ஏற்க மாட்டேன். 1981இல் ஹோண்டா தன் அக்கார்டு காரில் வரைபடத்தோடு வழிகாட்டி வைத்தபோது கார்களுக்குச் செயற்கைக்கோள் உதவி எதுவும் இல்லை. கார் திரும்புவதை ஒரு வாயு கைரோ அளந்தது, சக்கரம் உருண்ட தூரம் கணக்கானது, ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்ட வரைபடத்தைத் திரையின் முன் செருகினார்கள். 1990இல் மாஸ்டா யூனோஸ் காஸ்மோ காரில் ஜி.பி.எஸ். வந்தது. அப்போதும் அமெரிக்கா பொதுமக்கள் அலைவரிசையில் வேண்டுமென்றே பிழை சேர்த்துக்கொண்டிருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதத்தில்தான் அதை நிறுத்தினார்கள். அத்தனை பிழையிலும் காரைச் சரியான தெருவில் நிறுத்திக் காட்டியவர்கள் இந்தப் பெட்டிகளைச் செய்த பொறியாளர்கள்.

இன்றும் டோக்கியோவில் 18.2 கிலோமீட்டர் நீள யமதே சுரங்கப் பாதைக்குள் போனால் வித்தியாசம் தெரியும். உள்ளேயே பிரிந்து போகும் வழிகள் இருக்கின்றன. மேலே வானம் இல்லாத இடத்தில் கைபேசி தடுமாறக்கூடும். காரில் பொருத்திய பெட்டி சக்கரத்தின் வேகத் துடிப்பையும் கைரோவையும் வைத்து நகர்ந்துகொண்டே இருக்கும்.

சுழியம் (மூத்த உறுப்பினர்)
மாலை 9.52

கேள்வி கேட்டவர் டோக்கியோவில் இல்லை. தெல்லிப்பழையில் சுரங்கப் பாதையும் இல்லை. அவருடைய வரைபடம் ஜப்பானை விட்டு வெளியே வராது, இங்கே அந்தக் கைரோ எதற்கு?

வல்வைக்காற்று
மாலை 10.10

சுழியம் அண்ணா, நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் செலவை யோசியுங்கள். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த ஆண்டுகளில் இருந்த காரையே எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்து ஓட்டினோம். நல்ல பெட்டியைக் கழற்றி எறிந்து புதுத் திரை போட்டால் ஸ்டியரிங் பொத்தானுக்கு ஒரு இணைப்பி, கமெராவுக்கு ஒரு இணைப்பி என்று செலவு நீளும். தம்பிக்குத் தேவை கமெராவும் பாட்டும்தான். வரைபடத்தை யார் கேட்டார்கள்?

என் காரிலும் இதே வகைப் பெட்டிதான். வானொலிக்கு மட்டும் ஒரு சிறு பெட்டி வாங்கிப் பொருத்தினேன். ஜப்பானில் பண்பலை 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான், பிறகு 95 வரை நீட்டினார்கள். நம் நிலையங்கள் பல அதற்கு மேலே இருக்கின்றன. 16 மெகாஹேர்ட்ஸ் இறக்கும் பெட்டியை அன்ரெனா வழியில் போட்டால் 104இல் இருப்பது 88இல் கேட்கும். ஆறு ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லை.

புதியவன்77
மாலை 10.33

இதைத் திறக்க ஒரு குறியீடு போட்டால் போதும், காட் தேவையில்லை. எனக்குத் தெரிந்தவர் பணம் வாங்கிக்கொண்டு செய்து தருவார். தனிச் செய்தியில் வாருங்கள்.

நாகோயாவாசி
மாலை 10.47

மாவிட்டபுரத்தான், இப்போது பணம் கொடுக்க வேண்டாம். குறியீடு கேட்கும் திரை வேறு: அதில் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசை ஒன்று இருக்கும். உங்கள் படத்தில் அது இல்லை. பெட்டி காட்டை மட்டுமே கேட்கும்போது குறியீடு வாங்கினால் அதை உள்ளிட இடமே இராது. காட்டின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள், அதுவரை ஒன்றும் செய்ய வேண்டாம்.

கோவை மின்பணியாளர்
ஞாயிறு, காலை 7.15

இழையைத் தொடங்கியவர் எங்கே? புதுப் பேட்டரியின் முனைகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தளர்ந்திருந்தால் காட் போட்ட பிறகும் மறுபடி அறுந்து இதே கதை வரும்.

மாவிட்டபுரத்தான்
ஞாயிறு, பிற்பகல் 1.26

இப்போதுதான் வெளியே எடுத்துப் பார்த்தேன். காட்டில் 32 ஜி.பி. என்று இருக்கிறது, ஜப்பானிய எழுத்து எதுவும் இல்லை. தங்கை பாட்டு ஏற்றிய காட் இது. எப்போது மாற்றினாள் என்று அவளுக்கே நினைவில்லை. துளையில் ஏற்கெனவே ஒன்றும் இருக்கவில்லை என்கிறாள்.

நாகோயாவாசி
ஞாயிறு, பிற்பகல் 1.40

விடை கிடைத்துவிட்டது. அந்தத் துளை பாட்டுக்கானது அல்ல. அப்படியானால் மூலக் காட்டை உங்களுக்கு முன் இருந்தவர் கழற்றியிருக்கிறார். ஜப்பான் வரைபடம் பயனில்லை என்று பலர் எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். மாமாவிடம் இன்றே கேளுங்கள். கிடைத்தால் சாவியை அணைத்துவிட்டு, எழுத்துள்ள பக்கம் எந்தத் திசை என்று பார்த்துச் செருகி, பிறகு சாவி போடுங்கள். முதல் முறை எழச் சில நிமிடம் ஆகலாம், இடையில் அணைக்க வேண்டாம். கடிகாரம் ஜப்பான் நேரத்தைக் காட்டினால் பயப்படாதீர்கள், இலங்கையைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும்.

கிடைக்காவிட்டால் இதே மாதிரிப் பெட்டியை அதன் காட்டோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். தனிக் காட் வாங்கி ஏமாறாதீர்கள்.

வல்வைக்காற்று
ஞாயிறு, பிற்பகல் 1.58

நாளை காலைக்குள் கிடைக்கவில்லை என்றாலும் அப்பாவைக் கொண்டுபோவதைத் தள்ளிப்போட வேண்டாம். கமெரா இல்லாமலும் கார் ஓடும். பின்னால் எடுக்கும்போது யாரையாவது இறங்கி நிற்கச் சொல்லுங்கள். ஒழுங்கைக்குள் பிள்ளைகள் விளையாடுவார்கள், கண்ணாடியை மட்டும் நம்பாமல் தலையைத் திருப்பிப் பாருங்கள்.

சுழியம் (மூத்த உறுப்பினர்)
ஞாயிறு, மாலை 5.30

32 ஜி.பி. காட் என்பதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இருபது பதிவுகள் மிச்சம். அடுத்து வருபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

மாவிட்டபுரத்தான்
செவ்வாய், 18 நவம்பர், இரவு 8.05

காட் கிடைத்தது. மாமா அதைக் காப்புறுதிப் பத்திர உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். செருகியதும் எல்லாம் வந்துவிட்டது, கமெராவும் வருகிறது. அப்பாவை நேற்றே காட்டிவிட்டோம். தேதி மட்டும் 2006 ஏப்ரல் 4 என்று நிற்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

விண்கோள் விரும்பி
செவ்வாய், இரவு 8.09

இன்றிலிருந்து 1024 வாரம் பின்னால் எண்ணிப் பாருங்கள்: 7168 நாள், சரியாக 2006 ஏப்ரல் 4. திரை உறைந்ததற்குக் காரணம் காட்தான், அதில் நான் தவறினேன், நாகோயாவாசி சரி. ஆனால் உங்கள் பெட்டியின் வாரக் கணக்கு சுற்றிவிட்டது உண்மை. முழு வாரங்களாகப் பின்னே போவதால் கிழமை மாறாது, திரையில் செவ்வாய் என்றே இருக்க வேண்டும். கையால் தேதியைத் திருத்தினாலும் செயற்கைக்கோள் பிடித்ததும் பழையபடி திரும்பக்கூடும். கிழமை செவ்வாயா? பற்றரி மாற்றுவதற்கு முன்பும் 2006தானா? மாமாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

விண்கோள் விரும்பி
வியாழன், 27 நவம்பர், காலை 6.50

மாவிட்டபுரத்தான், இன்று அந்தத் திரையில் 2006 ஏப்ரல் 13, வியாழன் என்று இருக்கும். கார் எடுக்கும்போது ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.